தலைமையகத்துக்கு இருபத்து நான்கு எட்டு

அகில உலக முருங்கை மாமன்றத்துக்குப் பதினேழு நாடுகளில் கிளை இருப்பதாக அதன் லெட்டர்பேடு சொல்லியது. நடுவில் ஒரு பூமி உருண்டை. அதை மாலைபோலச் சுற்றி இரண்டு முருங்கைக்காய். கீழே 'தலைவர்: டாக்டர் சோலைமலை'. டாக்டர் பட்டம் யார் கொடுத்தது என்று கேட்டால் "வெளிநாட்டுல" என்பார். எந்த வெளிநாடு என்று அடுத்த கேள்வி கேட்க வேடசந்தூர்ப் பக்கம் யாருக்கும் நேரம் இருந்ததில்லை. மனிதர் முருங்கைக்காய் மண்டி வைத்து, பிறகு முருங்கை இலைப் பொடியை நாலு நாட்டுக்கு அனுப்பி, நன்றாக வாழ்ந்தவர். நன்றாக வாழ்ந்தவர்களுக்கு ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் சர்க்கரை வரும், இல்லாவிட்டால் பொதுச்சேவை வரும். இவருக்கு இரண்டும் வந்திருந்தன.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் திண்டுக்கல் மரியநாதபுரத்தில் ஏஞ்சலின் வீட்டு முன்னறையில் வந்து உட்கார்ந்தார். முன்னறைதான் ஆபீஸ். ஒரு கம்ப்யூட்டர், ஒரு மேஜை, சுவரில் மாதா படம், வாசலில் 'ஜெரோம், டி.சி.இ., கட்டட வரைபடம், மதிப்பீடு' என்று ஒரு போர்டு. சோலைமலையோடு அவருடைய மச்சினன் அழகுராஜாவும் வந்திருந்தார். இவர் மாமன்றத்தின் பொதுச்செயலாளர். பொதுச்செயலாளர் ஒரு கையில் ஃபைலும் மறு கையில் தலைவரின் குடையும் வைத்திருந்தார்.

"தலைமையகம் கட்டுறோம்மா," என்றார் சோலைமலை. "ஜெனீவாவுல இருக்குல்ல, அந்த மாதிரி."

"எடம் எங்கங்கய்யா?"

"வேடசந்தூர் ரோட்டுல. இருபத்திரெண்டு சென்டு."

ஏஞ்சலின் முகத்தில் எதையும் காட்டாமல் எழுதிக்கொண்டாள். முக்கால் சென்டில் நாலு பெட்ரூம் கேட்டவர்களையெல்லாம் பார்த்தவள். ஜெனீவாவை இருபத்திரண்டு சென்டில் அடக்குவது அவளுக்குப் பெரிய விஷயமில்லை.

சோலைமலை அடுக்கினார். இருநூறு பேர் உட்காரும் பேரவை மண்டபம். நாட்டுக்கு ஒன்றாகப் பதினேழு தூண், ஒவ்வொன்றும் முருங்கைக்காய் வடிவத்தில். பேச்சை ஆறு மொழியில் சொல்வதற்கு ஆறு கண்ணாடிக் கூண்டு. முன்னால் கொடிக்கம்பங்கள். மேலே பார்லிமெண்டில் இருக்கிற மாதிரி டோம்.

"டாய்லெட் எத்தனைங்கய்யா?"

"அந்தச் சின்ன விசயமெல்லாம் அப்புறம் பாத்துக்கிருவோம்."

ஏஞ்சலின் வழக்கத்தைவிட உரக்கப் பேசிக்கொண்டிருந்தாள். காரணம் முன்னறைக்கும் உள்ளறைக்கும் நடுவில் தொங்கிய பூப்போட்ட திரை. அதற்குப் பின்னால் கட்டிலில் அவள் புருஷன் ஜெரோம் இருந்தார். எட்டு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம். பேச்சு முக்கால்வாசி திரும்பிவிட்டது. வலது கை மட்டும் பேனாவைப் பிடித்தால் நடுங்கியது, வலது கால் கொஞ்சம் இழுத்தது. வெளியே நடக்கலாம், நடக்கணும் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. ஜெரோம் கட்டிலிலிருந்து அடுப்படிக்கு நடந்தார், அடுப்படியிலிருந்து கட்டிலுக்கு நடந்தார். திரையைத் தாண்டி ஒரு நாளும் வரவில்லை. யாராவது வந்தால் தூங்குகிற மாதிரிப் படுத்துக்கொண்டார். இரண்டு வாரத்துக்கு முன்னால் சுவரைப் பார்த்தபடி, "அந்தப் போர்டைக் கழட்டிரு ஏஞ்சலு. கை இல்லாதவன் என்ன வரைபடம், கால் இல்லாதவன் என்ன சைட்டு," என்றார். திருச்சியில் இருக்கும் அவர் அக்கா, வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு எங்களோடு வந்துவிடுங்கள் என்று வாராவாரம் போன் செய்தாள். இந்த மாதம் முடியட்டும் மதினி என்று ஏஞ்சலின் சொல்லி வைத்திருந்தாள். மாதம் முடிவதற்குள் அந்த மனிதர் திரையைத் தாண்டி வேலைக்கு வரவேண்டும். ஜெபமாலையில் அவள் கேட்டுக்கொண்டிருந்தது அது ஒன்றைத்தான்.

இப்போது அவள் ஜெபத்தை நிறுத்திவிட்டு வேறு வழியில் இறங்கினாள்.

"டோமுதான? வச்சிருவோங்கய்யா," என்றாள் திரையைப் பார்த்து. "நாலரை இஞ்ச் செவுரு போதும். அது மேலயே டோமைத் தூக்கி உக்கார வச்சிருவோம்."

திரை அசையவில்லை.

"பீமெல்லாம் எதுக்கு, வீணா. தூணும் வேண்டாம், அட்டையில செஞ்சு பெயின்ட் அடிச்சிக்கிருவோம்."

உள்ளே கட்டில் முனகியது.

"அஸ்திவாரமும் ஒரு ரெண்டடி..."

"யாரது? நாலரை இஞ்ச்சு மேல டோமு வைக்கிறது யாரது?" திரை விலகியது. லுங்கியும் பனியனுமாய், இடது கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு ஜெரோம் நின்றார். "ஏஞ்சலு, உனக்கு என்ன மூளை பெரண்டுபோச்சா? நாலு பேரு சாவுறதுக்கா பிளான் போடுற?"

ஏஞ்சலின் குனிந்து ரப்பரைத் தேடினாள். ரப்பர் மேஜைமேலேயே இருந்தது.

"ஜெரோம் சார், நல்லாருக்கீகளா?" என்றார் சோலைமலை எழுந்து.

"நல்லா இருந்தா பத்து மணிக்கு வீட்ல ஏன்யா இருக்கேன்? உக்காருங்க. இருபத்திரெண்டு சென்டுல ஜெனீவா கேக்குறீக. முதல்ல, தெருவு எந்தப் பக்கம்?"

அடுத்த மூன்று வாரம் அந்த முன்னறையில் ஓர் உலக அமைப்புக்குத் தலைமையகம் வடிவமைக்கப்பட்டது. ஜெரோம் சொல்லச் சொல்ல ஏஞ்சலின் கம்ப்யூட்டரில் கோடு இழுத்தாள். அவர் கையால் வரைந்த காலத்தில் அவளிடம் ஒரு வார்த்தை பேசமாட்டார். இப்போது கை இல்லாததால் எல்லாம் வாய் வழியாக வெளியே வந்தது. "அங்கன இல்ல. இன்னும் கீழ. கீழன்னா தெக்க. தெக்கன்னா உனக்குத் தெரியாதா, சுடுகாடு இருக்க பக்கம்." "சுடுகாடு நம்மளுக்கு மேக்கதான இருக்கு." "அது உங்க அப்பன் ஊருல." இந்த ரீதியில் இருபத்து மூன்று வருஷத் தாம்பத்தியத்தில் பேசாததையெல்லாம் பேசினார்கள்.

சோலைமலை இரண்டு நாளுக்கு ஒருமுறை வந்து புதிதாக ஒன்று கேட்டார். ஜெரோம் பழையதில் ஒன்றைக் கழித்தார்.

"முருங்கைக்காய் மாதிரி தூணு வச்சா அதுல சாம்பாருதான் வைக்கலாம், கட்டடம் நிக்காது. வட்டத் தூணு வச்சு ரெண்டு வரி இழுத்து விடுறேன், பாக்குறவன் முருங்கைன்னா முருங்கை."

"சரி சார். அந்த மொழிபெயர்ப்புக் கூண்டு..."

"கூட்டத்துக்கு வர்றவுகள்லாம் என்ன பாஷை பேசுவாக?"

அழகுராஜா முந்திக்கொண்டார். "எல்லாம் நம்ம ஆளுகதான் சார். கத்தாருல இருக்கவரு பாலசமுத்திரத்துக்காரரு. மலேசியாவுல இருக்கவரு என் பங்காளி."

"அப்ப ஆறு மொழி எதுக்கு?"

"ஏலே, நீ செத்த நேரம் சும்மா இருடா," என்றார் சோலைமலை மச்சினனிடம். "உலக அமைப்புன்னா இருக்கணும்ல சார்."

டோம் மட்டும் விடவில்லை. நாலு நாள் இழுபறிக்குப் பிறகு ஜெரோம் ஒரு வழி சொன்னார். எப்படியும் மாடியில் தண்ணீர்த் தொட்டி வேண்டும். தொட்டியை உருண்டையாகக் கட்டி, நீலமும் பச்சையும் அடித்து, பூமி உருண்டை ஆக்கிவிடலாம். ஐயாயிரம் லிட்டர் பிடிக்கும். சோலைமலைக்குக் கண் கலங்கிவிட்டது. உலகத்தைத் தலையில் தாங்கும் தலைமையகம் என்றார். மோட்டார் ஆஃப் பண்ண மறந்தால் உலகம் நிரம்பி வழியும் என்று ஏஞ்சலின் நினைத்துக்கொண்டாள், சொல்லவில்லை.

வெட்டிக் கழித்தபின் மிஞ்சியது நல்ல கட்டடம். அறுபதுக்கு நாற்பது அடியில் மண்டபம். ஆடிக்காற்று புழுதியை வாரிக்கொண்டு வரும் மேற்குப் பக்கத்தில் ஓட்டைச் செங்கல் சுவர் வைத்து அகலமான தாழ்வாரம். தெற்கே உயரத்தில் ஜன்னல்கள். மதிய வெயில் உள்ளே எட்டிக்கூடப் பார்க்காது. ஆண்களுக்கு மூன்று, பெண்களுக்கு மூன்று என்று, தலைவர் சின்ன விசயம் என்று சொன்ன டாய்லெட்டும் உண்டு. பிரிண்ட் எடுத்து நீட்டியபோது சோலைமலை அதை நேராகப் பிடித்துப் பார்த்தார், தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"பேப்பர்ல ஒண்ணும் வெளங்கல சார். எடத்துல கோடு போட்டுக் காட்டிருங்க."

ஜெரோம் வலது காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

திண்டுக்கல் வட்டாரத்தில் ஜெரோம் கோடு என்றால் தெரியாத கொத்தனார் கிடையாது. கட்டப்போகிற வீட்டை முழு அளவில் மனையிலேயே சுண்ணாம்புப் பொடியால் வரைந்து, வீட்டுக்காரர்களை உள்ளே நடக்கவிட்டுக் காட்டுவது அவர் வழக்கம். இதுதான் கூடம், இதுதான் அடுப்படி, இங்கே நின்றால் ஜன்னல் என்று. அளப்பதற்கு அவர் டேப் பிடிக்கமாட்டார். அவருடைய ஓர் எட்டு சரியாக இரண்டரை அடி. ஆரம்ப காலத்தில் கொத்தனார்கள் அவர் போனபின் டேப் போட்டுச் சரிபார்த்தார்கள். ஓர் அங்குலம்கூடப் பிசகியதில்லை. அப்புறம் டேப் போடுவதே அவமரியாதை என்று ஆகிவிட்டது. 'ஜெரோம் சார் காலு இருக்கையில டேப்பு எதுக்கு' என்பது சித்தாள் வரைக்கும் சொல்லும் பேச்சு. அவர் போட்ட சுண்ணாம்பின் மேலேயே மண்வெட்டி விழும்.

"இந்தக் காலை வச்சிக்கிட்டா?" என்றார் ஜெரோம், அவர்கள் போனபிறகு.

"அந்தக் காலை எங்க வச்சிட்டு வரப்போறீங்க?" என்றாள் ஏஞ்சலின்.

இரண்டு நாள் பேசவில்லை. சனிக்கிழமை விடிந்ததும் தானே சவரம் பண்ணிக்கொண்டார். நீலக்கட்டம் போட்ட முழுக்கைச் சட்டையைக் கேட்டார். இடது கைப் பட்டனை மட்டும் அவளிடம் நீட்டினார். அவள் மாட்டிவிட்டாள். இருவரும் பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வேடசந்தூர் ரோட்டில் அந்த நிலம் சிவந்து கிடந்தது. மில் பஸ் ஒன்று பெண்களை ஏற்றிக்கொண்டு புழுதி கிளப்பிப் போனது. முத்துக்கிருஷ்ணன் கொத்தனார் இரும்புச் சட்டி நிறையச் சுண்ணாம்புப் பொடியோடு காத்திருந்தார். ஆட்டோவிலிருந்து ஜெரோம் இறங்கியதும் ஓடிவந்து, கையைப் பிடிப்பதா கும்பிடுவதா என்று தெரியாமல், "வெயிலு ஏறுறதுக்குள்ள போட்டுருவோம் சார்," என்றார்.

ஜெரோம் தென்மேற்கு மூலையில் போய் நின்றார். நிமிர்ந்தார். நடந்தார். "ஒண்ணு, ரெண்டு, மூணு." வலது கால் ஒவ்வொரு முறையும் சற்றுத் தயங்கி, மண்ணில் ஒரு கோடு இழுத்து, வந்து சேர்ந்தது. பின்னால் கொத்தனார் குனிந்து பொடியைத் தூவிக்கொண்டே போனார். கால் இழுப்பதை அங்கே எல்லோரும் பார்த்தார்கள். யாரும் கணக்குப் போடவில்லை.

ஏஞ்சலினும் முதலில் போடவில்லை. அவள் அவர் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு மாதமாக வளைந்திருந்த முதுகு. பதினாறாவது எட்டில் அவள் பார்வை கிழக்கு எல்லைக் கல்மேல் போனது. வரைபடத்தில் மண்டபச் சுவரிலிருந்து அந்தக் கல்லுக்குப் பத்தடி. அவளே போட்ட கோடு. "இருபத்தி மூணு, இருபத்தி நாலு," என்று ஜெரோம் நின்றபோது கல் இன்னும் வெகு தூரத்தில் இருந்தது. இருபது அடியாவது இருக்கும். அதற்கு மேலும் இருக்கும்.

இரண்டரை இல்லை. இரண்டு. அவர் எட்டு இப்போது இரண்டடி.

அவள் கைப்பையில் டேப் இருந்தது. கையை உள்ளே விட்டாள்.

"பதினாறு," என்றார் ஜெரோம், அடுத்த பக்கத்தை முடித்துத் திரும்பி. வியர்வை வழிந்தது. அவளைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு வாயின் இடது பக்கத்தில்தான் முழுசாய் இருந்தது, வலது பக்கம் பின்னாலேயே வந்து சேர்ந்தது. எட்டு மாதம் கழித்து வந்த சிரிப்பு. ஏஞ்சலின் கையை வெளியே எடுத்தாள். கையில் கைக்குட்டை இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொள்ளக் கொடுத்தாள்.

பிறகு சோலைமலை தலைமையகத்துக்குள் பிரவேசித்தார். சுண்ணாம்பு வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றி வைத்தார், வலது காலை எடுத்து வைத்து நுழைந்தார். அழகுராஜா குறுக்கே நடந்து போக, "ஏலே, செவுத்துக்குள்ள எங்கடா வார? வாசல் வழியா வாடா," என்று அதட்டினார். பொதுச்செயலாளர் திரும்பிப் போய், செருப்பைக் கழற்றி, வாசல் வழியாக வந்தார். தலைவர் அறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்து பார்த்தார். மேடை வரும் இடத்தில் நின்று, "பதினேழு நாட்டுப் பிரதிநிதிகளே," என்று கொஞ்சம் பேசிப் பார்த்தார். கடைசிச் சுவரோரம் நின்ற முத்துக்கிருஷ்ணன் கைதட்டினார். மலேசியப் பங்காளிக்கு வீடியோ கால் போட்டு மண்டபம் காட்டப்பட்டது. அவர், "செவப்பா ஒரே மண்ணுதான தெரியுது," என்றார். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டார்கள்.

"புதன்கிழமை காலைல தோண்டிரலாம் சார்," என்றார் கொத்தனார்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும் ஜெரோம் அடித்துப்போட்ட மாதிரித் தூங்கினார். இந்த முறை நிஜத் தூக்கம். ஏஞ்சலின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

அவளுக்கு இரண்டு வழி இருந்தது. கொத்தனாருக்கு ஒரு போன் போட்டு, புதன்கிழமை தோண்டுமுன் டேப் போட்டுவிடுங்கள் என்று சொல்லலாம். செவ்வாய்க்கிழமைக்குள் திண்டுக்கல் முழுக்கத் தெரிந்துவிடும். ஜெரோம் சார் கால் பிசகிவிட்டது என்று எல்லோரும் இரக்கத்தோடு சொல்வார்கள். அந்த இரக்கம் திரைக்குப் பின்னால் போய் அவரைப் படுக்க வைத்துவிடும், இந்த முறை எழுந்து வரமாட்டார். இன்னொரு வழி, கட்டடத்தை அவர் காலுக்கு ஏற்றபடி மாற்றுவது. அப்ரூவலுக்கு இன்னும் போகவில்லை. பேப்பரில் எதுவும் மாறலாம்.

அறுபதை நாற்பத்தெட்டு ஆக்கினாள். நாற்பதை முப்பத்திரண்டு. தூண்கள் பதினேழிலிருந்து பன்னிரண்டு ஆயின. ஐந்து நாடுகள் ஒரு மவுஸ் அழுத்தலில் போய்ச் சேர்ந்தன. இருநூறு நாற்காலிகள் நூற்று இருபதுக்கு வந்தன. டாய்லெட்டில் மட்டும் அவள் கை வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஜெரோம் நடந்தே வந்தார். திரும்பி வந்து காபி குடித்துக்கொண்டே, "அந்த பிரிண்டை எடு, ஒரு தரம் பாத்துருவோம்," என்றார்.

அவள் கொடுத்தாள். கொடுக்காமல் இருக்க ஒரு பொய்கூட அவளிடம் தயாராக இல்லை.

ஜெரோம் பார்த்தார். விரல் ஓர் இடத்தில் நின்றது.

"நாப்பத்தெட்டா?"

அவள் டம்ளரைக் கழுவ எழுந்தாள்.

"உக்காரு. நான் அறுபதுன்னுல்ல சொன்னேன்."

"நேத்து அங்க நாப்பத்தெட்டுதான் இருந்துச்சு."

அவர் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டார். வெளியே யாரோ கோலப்பொடி விற்றுக்கொண்டு போனார்கள். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "எப்பத் தெரிஞ்சுச்சு?" என்றார்.

"பதினாறாவது எட்டுல."

"பையில டேப்பு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீங்க சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க."

ஜெரோம் ஜன்னலைப் பார்த்தார். கோபப்படுவதற்கு அவர் எடுத்த மூச்சு வேறு எதற்கோ போய்விட்டது.

"அதுக்காக ஒரு கட்டடத்தையே சுருக்கிருவியா?"

"ஆமா."

"உலகத் தலைமையகத்தை."

"எந்தத் தலைமையகமா இருந்தா எனக்கென்ன? எனக்கு நீங்க வெளிய வரணும்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு போனை எடுத்தார். இடது கை ஒரு விரலால் எண்ணைத் தேடி அழுத்தியது. அவள் தடுக்கப் போனாள்.

"விடு ஏஞ்சலு. வீட்டுல நீ என்ன வேணா எங்கிட்ட மறைச்சுக்க. கட்டடத்துல மறைக்கக் கூடாது." போனில் குரல் மாறியது. "சோலைமலை அண்ணனா? ஜெரோம். ஒரு தப்பு நடந்துபோச்சு. என் எட்டு கொறைஞ்சுபோச்சுண்ணே. உங்க மண்டபம் பன்னெண்டடி கட்டையா விழுந்திருக்கு. டேப்பு போட்டுத் திருத்தித் தாரேன். வேற ஆளை வச்சிக்கிறேன்னாலும் சரி, எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல."

அந்தப் பக்கம் யாரிடமோ வண்டிச் சாவி கேட்கிற சத்தம் வந்தது. பிறகு, "அங்கனயே இருங்க, வாரேன்," என்றார் சோலைமலை.

முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரமும் ஏஞ்சலின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெரோம் முன்னறையிலேயே இருந்தார். சட்டைகூட மாற்றவில்லை.

சோலைமலை தனியாக வந்தார். குடை பிடிக்க ஆள் இல்லை. பிரிண்டைக் கையில் வாங்கி, தலைகீழாகத்தான் பிடித்தார்.

"இப்ப எத்தனை பேரு உக்காரலாம்மா இதுல?"

"நூத்தி இருவதுங்கய்யா."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"போன வருசம் மகாசபைக் கூட்டம் போட்டோம்ல சார், கல்யாண மண்டபம் புடிச்சு. முந்நூறு சேரு போட்டேன். வந்தது பத்தொம்போது பேரு. அதுல எட்டுப் பேரு பிரியாணிக்கு வந்தவன். நான் மைக்ல ஒரு மணி நேரம் பேசுறேன், என் குரலு பொறத்தால செவுத்துல முட்டி எனக்கே திரும்பி வருது." நிறுத்தினார். "பதினேழு நாடுன்னா, நாலு நாட்டுல ஆளு இருக்கு சார். மிச்சம் பேஸ்புக்ல லைக் போட்டவுக."

ஜெரோம் சிரிக்கவில்லை. ஏஞ்சலினும் சிரிக்கவில்லை.

"நேத்து அந்தக் கோட்டுக்குள்ள நின்னு பேசுனேனா, கடைசில நின்ன கொத்தனாருக்கு மைக் இல்லாமக் கேட்டுச்சு. ராத்திரி எம்பொண்டாட்டிகிட்டச் சொன்னேன், மொத தடவையா ஒரு மண்டபம் எனக்கு அளவா இருக்குடின்னு." பேப்பரை மேஜைமேல் வைத்தார். "அதைப் போயி பெருசாக்காதீக சார். கோடு போட்டது போட்டபடி இருக்கட்டும்."

"அளவு தெரிஞ்சு சொல்றீகளா, இல்ல என் மேல பாவப்பட்டுச் சொல்றீகளா?" என்றார் ஜெரோம்.

"நான் எதுக்கு சார் பாவப்படணும்? நீங்க கால் கொறைஞ்சுபோச்சுன்னு ஒரு நிமிசத்துல போன்ல சொல்லிட்டீக. எனக்கு நாடு கொறைஞ்சதைச் சொல்ல ஒரு வருசம் ஆச்சு."

வாசல் வரை போனவர் திரும்பினார். தலைவர் மறுபடி அவருக்குள் ஏறிக்கொண்டார்.

"ஆனா வெளிய சொல்லிக்கிட வேண்டாம். கல்வெட்டுல 'முதல் கட்டம்'னு போட்டுருவோம்."

அவர் போனபின் ஜெரோம் பிரிண்டைப் பிரித்து, பென்சிலை இடது கையில் எடுத்து, நாற்பத்தெட்டின்மேல் கோணலாக ஒரு வட்டம் போட்டார். "பன்னெண்டு தூணுக்கு இடைவெளி சரியா வரல. நாளைக்கு மாத்தணும். அவசரத்துல போட்டிருக்க."

"ஆமா, நீங்க முழிச்சிருவீங்கன்னு."

"அந்த கிழக்குப் பக்கம் மிச்சமான எடத்துல வண்டி நிறுத்தலாம். அது நல்லதுதான்." பென்சிலை வைத்தார். "ஆனா ரெண்டடின்னு நீ எப்படிச் சொல்ற? கண்ணால பாத்ததுதான?"

"கண்ணால பாத்ததுதான்."

"கண்ணால பாத்து ஒரு கொத்தனார்கிட்ட எப்படிச் சொல்றது?"

சாயங்காலம் நாலரை மணிக்கு அவர்கள் கோயில் பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனார்கள். வாலிபால் கோர்ட் காலியாகக் கிடந்தது. அம்பத்தொம்பது அடி, உலகம் முழுக்க ஒரே அளவு என்றார் ஜெரோம். இந்த ஒரு விஷயத்திலாவது பதினேழு நாடும் ஒத்துப்போயிருக்கிறது. அவர் ஒரு முனையில் போய் நின்றார். "நான் எண்ண மாட்டேன், நீ எண்ணு," என்றார். "இழுத்துச் சேக்காத. பாதி எட்டுன்னா பாதின்னு சொல்லு."

நடந்தார். வேட்டி நுனியை இடது கையில் பிடித்திருந்தார். ஏஞ்சலின் அவர் பக்கத்தில் நடக்காமல், கோட்டுக்கு வெளியே, கொஞ்சம் பின்னால் நடந்தாள். உதட்டை மட்டும் அசைத்து எண்ணினாள். நடுக்கோட்டைத் தாண்டும்போது தடுமாறினார், அவள் கையை நீட்டினாள், அவர் பிடிக்கவில்லை, நின்று, மறுபடி நடந்தார். கடைசிக் கோட்டை மிதித்துத் திரும்பிப் பார்த்தார்.

ஒரு காலத்தில் இருபத்து மூன்று எட்டும் சொச்சமும். அது இருவருக்கும் தெரியும்.

"எத்தனை?"

"முப்பது," என்றாள். "கடைசி எட்டு பாதிதான்."

அவர் மனதுக்குள் வகுத்துப் பார்த்தார். உதடு அசைந்தது. "ரெண்டே ரெண்டு," என்றார். "சரியாத்தான் பாத்திருக்க." செருப்பால் கடைசிக் கோட்டைத் தேய்த்துப் பார்த்தார். அவள் காத்திருந்தாள். மைதானத்து ஓரத்தில் இரண்டு ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"புதன்கிழமை முத்துக்கிருஷ்ணன்கிட்ட நானே சொல்லிர்றேன்," என்றார் ஜெரோம். "இனிமே என் எட்டு ரெண்டுன்னு. கணக்கு மாறுனா மாறுனதைச் சொல்லிட்டுப் போக வேண்டியதுதான், இதுல என்ன இருக்கு."

"சொல்லுங்க."

"மாசத்துக்கு ஒருக்கா இங்க வந்து பாத்துக்கிருவோம். கூடினாலும் கூடும்."

"கொறைஞ்சா?"

"கொறைஞ்சா கொறைச்சு எழுதிக்க." திரும்பி நின்று, வந்த பக்கத்தைப் பார்த்தார். "இன்னொருக்கா நடக்குறேன். இந்த தடவை செத்த தள்ளி வா, உன் நெழலு முன்னாடி விழுந்து எனக்கு எட்டு தப்புது."

அவள் இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள்.